தலைக்கு எப்போ தண்ணி ஊத்துனீங்க என்று கேட்ட டாக்டர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தார்கள். பசை கூட இன்னும் காயவில்லை. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எந்த போஸ்டராக இருந்தாலும் எழுத்துக் கூட்டியாவது படித்துவிட்டுத்தான் நகர்வேன். அன்றைக்குக் கூட்டிப் படிக்க வேலையில்லாமல் போய்விட்டது. படத்தில் இருந்த முகமே போதுமாக இருந்தது. நம் டாக்டர் குணமதி. விழுப்புரம் வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். மருமகள் செல்வியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரு முனை வரைக்கும் யோசித்தேன். டாக்டர் பேரைச் சொன்னதுமே அவள் புரிந்துகொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரோடு வேலை பார்த்த நர்சம்மாதான் இதை எழுதச் சொன்னார். நினைவுக் கூட்டத்தில் ஒரு சின்ன மலர் கொடுக்கப் போகிறார்களாம். எனக்கு எழுத வராது என்றேன். "பேசற மாதிரியே எழுதுங்க பெரியம்மா, நாங்க சரி பண்ணிக்கறோம்" என்றார். கூட்டத்துக்கு வரப் போகிறவர்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். அவருடைய படிப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடையில் நடந்தது இது. என் மகன் முருகன் திண்டிவனத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி செல்வி, என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போன இடத்தில் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்தால் குளிர் எடுக்கும், காலையில் வேர்த்துக் கொட்டிவிடும். இரண்டு நாள் நன்றாக இருப்பாள், மறுபடியும் வரும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் வந்தன. அதைப் பார்த்ததும் சம்பந்தியம்மா அஞ்சலை வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அம்மை முத்துப் போட்டிருக்கிறது என்றால் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். வந்தவளை ஊசி மாத்திரை போட்டு விரட்டக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. வெளியாள் உள்ளே போகக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, ஒற்றைப்படை நாளில் தலைக்கு ஊற்றினால் அம்மா குளிர்ந்து இறங்கிவிடுவாள். அவர்கள் வீட்டில் அம்மா வந்திருந்த நாளெல்லாம் திண்டிவனத்தில் என் அடுப்பிலும் கடுகு வெடிக்கவில்லை. தினமும் போனில்தான் செல்வியைப் பற்றிக் கேட்டுக்கொள்வேன்.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று, வேப்பிலையை எடுத்தாயிற்று என்று தகவல் வந்த பிறகு நானும் முருகனும் லோடு ஆட்டோவில் பார்க்கப் போனோம். சாயந்திரம் நாலு மணி இருக்கும். செல்வி மெலிந்திருந்தாள், ஆனால் சிரித்தாள். என் பேத்தியை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கப் போனாள், கை போகவில்லை. என்னமோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வார்த்தை வரவில்லை.

எங்கள் தெருத் தையல்காரருக்கு இதேபோல் ஒரு பக்கம் விழுந்து, விழுப்புரம் கொண்டுபோய், அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டு, மறு வாரமே மெஷின் மிதித்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். நாலு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. ஆட்டோவின் பின்னால் சாக்கை விரித்துச் செல்வியைப் படுக்கவைத்தோம். தலை என் மடியில், கால் அஞ்சலை மடியில். ஹைவேயில் முருகன் எங்கும் நிறுத்தாமல் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

ஸ்கேன் எடுத்து முடித்ததும் டாக்டர் குணமதி வந்தார். அதுதான் நான் அவரை முதல் தடவை பார்த்தது. குள்ளமான உருவம், நரைத்த தலை, பெரிய கண்ணாடி. எத்தனை மணிக்கு ஆச்சு, சுகர் பிரஷர் உண்டா, அடிபட்டிருக்கிறதா, சமீபத்தில் காய்ச்சல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் அஞ்சலை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது காய்ச்சலே இல்லை. அம்மா வந்து போனதை மருந்து வாடை அடிக்கிற இடத்தில், காலில் செருப்போடு நின்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்தவளைப் பற்றி நான் வாயைத் திறப்பதும் முறையில்லை. நேரம் இருக்கிறது, ஊசி போடலாம், ஆனால் அதில் இன்ன ஆபத்து உண்டு என்று டாக்டர் சொன்னார். முருகன் கையெழுத்துப் போட்டான். நர்சம்மா மருந்து எடுக்கப் போனார்.

டாக்டர் நரம்பு தேடச் செல்வியின் கையைத் திருப்பினார். நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. பெண் பிள்ளையின் நகத்தில் மஞ்சள் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. அவர் பஞ்சை நனைத்து அதைத் துடைத்தார். நகத்துக்கு அடியில் சிராய் குத்தியது போலக் கருஞ்சிவப்பாகக் கோடுகள் தெரிந்தன. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குழாயை நெஞ்சில் வைத்தவர், வைத்த இடத்திலேயே வெகு நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, ஏதோ எங்கள் தெருவில் குடியிருக்கிறவர் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"தலைக்கு எப்போ தண்ணி ஊத்துனீங்க?"

அஞ்சலை என் கையைப் பிடித்து அழுத்தினார். சொல்லாதே என்று அதற்கு அர்த்தம். என் மடியில் படுத்து வந்தபோது செல்வி என்னைப் பார்த்த பார்வை என் கண்ணிலேயே நின்றது. நான் சொன்னேன்.

"முந்தாநேத்துங்க. மூணாம் தண்ணி."

"முத்துல தண்ணி கோத்துச்சா?"

"கோக்கலீங்க. சிவப்பாவே இருந்து அமுங்கிடுச்சாம்."

"அதுக்கு முன்னாடி உடம்பு சுட்டுதா?"

"ஒரு மாசமாவே சுட்டுக்கினு இருந்துச்சு. விட்டு விட்டு."

டாக்டர் திரும்பி, "அந்த ஊசி வேணாம். எடுத்து வெச்சிடுங்க" என்றார். கையில் மருந்தோடு வந்த நர்சம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

முருகனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்போ எதுக்கு இவ்வளவு ஜல்தியா ஓடி வந்தோம், தையல்காரருக்குப் போட்ட ஊசி என் பெண்டாட்டிக்கு மட்டும் ஆகாதா, நேரம் போய்க்கினே இருக்குதே என்று கத்தினான். டாக்டர் அவனை அடக்கவில்லை. அவன் மூச்சு வாங்க நிறுத்தும் வரை காத்திருந்துவிட்டு, "உங்களுக்கு நிலம் இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது, மல்லாட்டை போட்டிருக்கிறோம், ஏரிப் பாசனம் என்றான்.

"ஏரி மதகு பார்த்திருப்பீங்க இல்ல? நம்ம நெஞ்சுக்குள்ள ரத்தத்தைத் தொறந்து மூடற மதகு இருக்குது. உங்க வீட்டம்மாவுக்கு அந்த மதகுப் பலகையில கிருமி பாசி மாதிரி புடிச்சிருக்குதுன்னு நெனைக்கறேன். அதுல ஒரு துண்டு பிய்ஞ்சிக்கினு போய், தலைக்குப் போற சின்ன வாய்க்கால்ல அடைச்சிக்கிச்சு. தையல்காரருக்கு வந்தது வெறும் அடைப்பு. கரைச்சா தண்ணி ஓடும். இது கிருமி. நின்ன எடத்துல வாய்க்கால் கரையையும் அரிச்சுக்கினு இருக்கும். நான் ஊசி போட்டா கரை ஒடைஞ்சு தலைக்குள்ள ரத்தம் பாஞ்சிடும்."

கம்பி விட்டு எடுக்கிற வைத்தியம் ஒன்று பெரிய ஊர்களில் உண்டாம். அடைத்திருப்பது அந்தக் கம்பி போகாத சின்னக் குழாய் என்று ஸ்கேன் படத்தில் காட்டினார். அஞ்சலைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கிளம்பு என்று முருகனைப் பிடித்து இழுத்தார். டாக்டர் தடுப்பார் என்று நினைத்தேன்.

"போறதுன்னா போங்க. எங்க போனாலும் இப்ப பெரியம்மா எங்கிட்ட சொன்னதை அங்கயும் சொல்லிடுங்க. ஒரு மாசமா காய்ச்சல், முத்து, நெஞ்சுல சத்தம். இதைச் சொல்லாம மட்டும் யார்கிட்டயும் ஊசி போட்டுக்காதீங்க."

முருகன் என்னைப் பார்த்தான். அவன் அப்பா போனதிலிருந்து பெரிய முடிவென்றால் அப்படித்தான் பார்ப்பான். "இருப்போம்டா. நம்மளப் புடிச்சு வெச்சுக்கணும்னு நெனைக்கற ஆளு, போற எடத்துல சொல்லிக்கச் சொல்லி அனுப்ப மாட்டாங்க" என்றேன்.

அன்று மாலையே கிருமிக்கான மருந்து ஏறியது. அதற்கு முன்னால் இந்தக் கையில் கொஞ்சம், அந்தக் கையில் கொஞ்சம், சற்று நேரம் விட்டு மறுபடியும் கொஞ்சம் என்று ரத்தம் எடுத்துச் சின்னப் பாட்டில்களில் விட்டார்கள். மருந்து ஏறுவதற்குள் கிருமியைப் பிடித்து வளர்த்துப் பார்த்தால்தான் அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியுமாம். அஞ்சலை ஓரமாக நின்று, "இருக்கறதே கொஞ்சம் ரத்தம், அதையும் உறிஞ்சிட்டாங்க" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வாய்தான் காரணம் சம்பந்தி. குளுந்து போன அம்மாவை ஆஸ்பத்திரியில இழுத்துப் பேசிட்டீங்க." அவர் சொன்னது நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது.

டாக்டர் காதிலும் அது விழுந்திருக்கிறது. அஞ்சலை பக்கத்தில் வந்து நின்று, "அம்மா வந்தாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கிருமி வந்திருக்குது, அது எனக்குத் தெரியும். நான் தெரிஞ்சதுக்கு மட்டும் மருந்து குடுக்கறேன்" என்றார். அவர் பேச்சில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அஞ்சலை அன்றைக்கே பெண்ணைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

அவர் நயினார் வீட்டுப் பெண் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். செஞ்சிப் பக்கம் காலங்காலமாகப் பயிர் வைக்கிற சமணக் குடும்பம். பொழுது இறங்கிவிட்டால் சாப்பிட மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் டாக்டர் ஐந்தரை மணிக்கெல்லாம் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாராம். நாங்கள் போன அன்று பாக்ஸைத் திறந்த நேரத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களோடு வாதாடி முடித்து, ரத்தம் எடுத்து, முதல் மருந்து ஏறும்வரை கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனபோது விளக்குப் போட்டாயிற்று. நர்சம்மா அந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்க் காவலாளிக்குக் கொடுத்ததைப் பார்த்து, ஏன் என்று கேட்டேன். இனிமேல் அவர் காலையில்தான் சாப்பிடுவார் என்றார். இதைப் பற்றி டாக்டரிடம் நான் ஒருமுறை பேச்செடுத்தேன். "அன்னிக்குப் பசியே இல்லை பெரியம்மா. ஊசியைப் போடப் போயிட்டேனேன்னு நடுக்கம்தான் இருந்துச்சு" என்றார்.

மறுநாள் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மதகுப் பலகையில் ஒட்டிக்கொண்டு ஆடுவதைத் திரையில் முருகனுக்குக் காட்டினார்கள். செல்வி பள்ளிக்கூடம் போகிற வயசில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அப்போதே அந்த மதகு லேசாகப் பழுதாகியிருக்கிறது. பழுதான இடத்தில்தான் கிருமி உட்காருமாம். கிருமி எந்த வழியாக வந்தது என்று தேடியவர், செல்வியின் வாயைத் திறந்து பார்த்து, கடைவாயில் சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தார். வலிக்கும் போதெல்லாம் அதில் கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாளாம். யாரும் அதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை.

நான்காம் நாள் செல்விக்குத் தலை வலித்தது. இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். மறுபடியும் ஸ்கேன். அடைபட்ட இடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து முருகனிடம் காட்டி, கொஞ்சம்தான், நின்றுவிடும் என்று சொன்னார். முருகன் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தான். "ஊசி போடாமயே இவ்ளோ கசிஞ்சிருக்குதுங்களா?" என்றான். அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து முருகன் அவர் வரும்போது எழுந்து நிற்பான்.

அஞ்சலை அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. செல்வி எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். ஆடி மாசம் பிறந்துவிட்டது. மகள் பிழைத்தால் ஆடியிலேயே அவளைக் கூட்டிவந்து கூழ் ஊற்றுகிறேன் என்று அஞ்சலை திருவக்கரை அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பிழைத்துவிட்டாள், காய்ச்சலும் இல்லை, இன்னும் எதற்கு இங்கே கிடந்து பேஜாராக வேண்டும், மீதி மருந்தை மாத்திரையாகக் கொடுங்கள் என்று நின்றார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் அவருக்குத்தான் தலையாட்டினார்கள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அஞ்சலைக்கு எதிரில் உட்கார்ந்தார். மேலே மிதக்கிற பாசி போனால் தண்ணீர் தெளிந்துதான் தெரியும், பலகையில் வேர் இருக்கிறது, இப்போது நிறுத்தினால் முதலிலிருந்து வளரும், அடுத்த துண்டு எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அஞ்சலை அசையவில்லை. நேரில் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"சரி. வாக்குக் குடுத்தது நீங்கதானே? நீங்களே போய் அவங்ககிட்ட அடுத்த ஆடி வரைக்கும் தவணை கேளுங்க. இப்ப கூட்டிக்கினு போனா தூக்கிக்கினுதான் போகணும். அடுத்த ஆடிக்கு நான் நடக்க வெச்சு அனுப்பறேன்னு சொல்லுங்க."

"நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

"எம் பேரைச் சொல்லியே கேளுங்க."

மறுநாள் அஞ்சலை திருவக்கரைக்கு பஸ் ஏறினார். எங்கள் பக்கத்தில் அம்மன் மேல் பூ வைத்து வாக்குக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. அவர் திரும்பி வரும்வரைக்கும் நான் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். பூ இடப்பக்கம் விழுந்திருந்தால் அஞ்சலையை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. செல்வி என்ன ஆகியிருப்பாள் என்பதை இன்றைக்கும் நான் முழுசாக நினைத்துப் பார்ப்பதில்லை. சாயந்திரம் வந்தவர் யாரிடமும் பேசாமல் குங்குமத்தை எடுத்துச் செல்வி நெற்றியில் வைத்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது முதல் வேலையாக, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "வலப்பக்கம் விழுந்துச்சு" என்றார் அஞ்சலை. "நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேளை மருந்தைச் சீட்டில் எழுதினார்.

பூ இடப்பக்கம் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன். "இன்னொரு தரம் கேக்கச் சொல்லியிருப்பேன். மூணு தரம் கேக்கலாம் இல்ல?" என்றார். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியம். அவர் வீட்டில் அம்மனுக்குக் கூழும் இல்லை, பூவாக்கும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசிப் பழகியே தெரிந்துகொண்டிருக்கிறார்.

செல்விக்குப் பேச்சு மட்டும் வராமலே இருந்தது. சொல்வது எல்லாம் புரியும், வாய் திறந்தால் 'அ', 'ஆ' என்பதோடு நின்றுவிடும். ஒரு காலையில் முருகன் கஞ்சியைக் கொடுக்கப் போய், சூடாக அவள் மடியிலேயே கொட்டிவிட்டான். "சனியனே" என்றாள் செல்வி. அத்தனை சுத்தமாக, முன்னே அவனைத் திட்டுகிற அதே சத்தத்தில். முருகன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். சேதி கேட்டு வந்த டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "திட்டும் பாட்டும் மூளையில வேற எடத்துல இருக்கும், அதான் முதல்ல வந்துடும். மீதிப் பேச்சு மெதுவா பின்னாடி வரும். அதுவரைக்கும் திட்டு வாங்கிக்குங்க முருகன்" என்றார்.

ஆறு வாரம் முடிந்தது. சொத்தைப் பல்லை எடுத்தார்கள். பிறகு சென்னையில் நெஞ்சைத் திறந்து அந்த மதகைத் தைத்துச் சரி செய்தார்கள். அதற்கும் டாக்டர்தான் பேசி ஏற்பாடு செய்தார். தலையில் கசிந்தது ஆறட்டும், அதுவரை பொறுக்கலாம் என்று நாள் குறித்ததும் அவர்தான். அடுத்த ஆடியில் செல்வி கூட்டேரிப்பட்டிலிருந்து அஞ்சலையோடு திருவக்கரைக்குப் போய்த் தன் கையாலேயே கேப்பைக் கூழ் ஊற்றினாள். அதைச் சொல்ல விழுப்புரம் போனோம். டாக்டர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கரண்டியை எந்தக் கையால் பிடித்தாள், எவ்வளவு நேரம் பிடித்தாள், விரல் நடுங்கியதா என்று கேள்வி மேல் கேள்வி. வலது கையில்தான், நடுங்கவில்லை என்று அஞ்சலை சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தார். ஊசி நிறுத்திய அன்று என்னைச் சபித்த அஞ்சலை, டாக்டருக்கென்று ஒரு தூக்கு நிறையக் கூழ் எடுத்து வந்திருந்தார். பொழுது இறங்குவதற்குள் குடித்துவிடுங்கள் என்று அவரே நினைவுபடுத்தினார்.

அன்றைக்கு அவர் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். நாங்கள் அவரிடம் முதலில் இல்லை என்று சொன்னதைப் பற்றி அஞ்சலை வருத்தமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் இடைமறித்தார். "நீங்க ஒண்ணும் மறைக்கலை. நான் காய்ச்சலான்னு கேட்டேன், உங்களுக்கு அது காய்ச்சல் இல்லை. ஜனங்க இல்லைன்னு சொன்னா, இன்னொரு விதமா கேக்கணும்னு அர்த்தம். அது என் வேலை" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் பக்கவாதத்தோடு வருகிற எல்லாரிடமும், வீட்டில் வேப்பிலை செருகினீர்களா, விரதமா, மந்திரித்தீர்களா என்று இடம் பார்த்துக் கேட்பார் என்று நர்சம்மா சொல்கிறார்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன தை மாசம். இளைத்துப் போயிருந்தார், கண்ணாடி மூக்கில் நிற்காமல் இறங்கியது. உடம்புக்கு என்ன என்றேன். "எனக்கும் ஒரு டாக்டரம்மா இருக்காங்க பெரியம்மா. அவங்களும் கேட்டுக்கினுதான் இருக்காங்க" என்று சிரித்தார். அவ்வளவுதான் சொன்னார். புற்றுநோய் என்பது போஸ்டர் பார்த்த பிறகு கேள்விப்பட்டது. அன்றைக்கும் செல்வியைத்தான் பேசவைத்துப் பார்த்தார். அவளுக்கு இப்போது பேச்சு வருகிறது. ஆனால் நடுவில் ஒரு சொல் சிக்கிக்கொள்ளும், அதைத் தேடுவாள். தேடும்போது நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். டாக்டர் என் முழங்காலில் கையை வைத்து, "குடுக்காதீங்க பெரியம்மா. அவங்களே எடுக்கட்டும். நீங்க சும்மா இருங்க. அதான் இனிமே வைத்தியம்" என்றார்.

எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் வாய் ஓயாதவள். மருமகள் ஒரு சொல்லுக்காகத் தவிக்கும்போது, அது என் நாக்கு நுனியில் இருக்கும்போது, சும்மா இருப்பது சாமானியமில்லை. ஆனால் பழகிக்கொண்டேன். என் பேத்தியும் பழகிக்கொண்டாள்.

காரியம் முடிந்த பிறகு செல்வியும் நானும் டாக்டர் வீட்டுக்குப் போனோம். முருகனும் அஞ்சலையும் வெளியே நின்றார்கள். டாக்டரின் வயசான அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறவுக்காரர்கள். யாரென்று தெரியாமல் செல்வியைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார்.

செல்வி வாயைத் திறந்தாள். வரவில்லை. துக்கம் வந்தால் அவளுக்கு அதிகமாகச் சிக்கும். உதடு அசைந்தது, கண் ஓடியது. பக்கத்தில் ஒருவர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கேட்டதைத் திருப்பிக் கேட்காமல், செல்வி முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவங்க..." என்றாள் செல்வி. நின்றாள். பிறகு, "அவங்க வைத்தியம் பார்த்த பொண்ணு" என்றாள்.

அந்த அம்மா கையை நீட்டி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

டாக்டர் குணமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அடுத்தவர் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.